'கான்' ஃபோல்டர் மர்மம்

2000-களில் காணை முதல் கலிஃபோர்னியா வரை இந்தியர்களின் இன்பாக்ஸில் ஒரு மின்னஞ்சல் சுற்றிச் சுற்றி வந்தது. விண்டோஸில் சி-ஓ-என், அதாவது 'கான்' என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்கவே முடியாதாம். கண்டுபிடித்தவர் ஓர் இந்தியராம். மைக்ரோசாஃப்டுக்கே காரணம் தெரியாதாம்! முயன்று பார்த்தால் நிஜமாகவே வராது. அப்புறம் என்ன, பத்துப் பேருக்கு ஃபார்வர்டு :-)

காரணம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். யூனிக்ஸில் டெர்மினல், பிரிண்டர் எல்லாமே கோப்புகள்தான். ஆனால் அவை '/டெவ்' என்ற தனி இடத்தில் இருக்கும். 1981-இல் வந்த டாஸில் ஃபோல்டர்களே கிடையாது. 'கான்' என்றால் விசைப்பலகையும் திரையும், அவ்வளவுதான். 1983-இல் டாஸ் 2.0 யூனிக்ஸைப் பார்த்து ஃபோல்டர்களைக் கொண்டுவந்தது. பழைய நிரல்கள் படுத்துவிடக் கூடாதே என்று, அந்தப் பெயர் எந்த ஃபோல்டரிலும் செல்லும்படி விட்டுவிட்டார்கள்.

பைப்பையும் இப்படித்தான் ஒப்பேற்றினார்கள். யூனிக்ஸில் ஒரு நிரல் எழுத எழுத இன்னொன்று படிக்கும். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான். முதலாவது எல்லாவற்றையும் தற்காலிகக் கோப்பில் கொட்டி முடித்த பிறகே அடுத்தது தொடங்கும். குழாய் இல்லாத வீட்டில் குடத்தில் பிடித்து வைப்பது மாதிரி! பெயருள்ள பைப் 1993-இல் விண்டோஸ் என்டியில் இருந்தது. வேடிக்கை, அதற்கு மட்டும் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

கட்டளைத் திரையில் முழுப் பாதைக்கு முன்னால் \\?\ சேர்த்தால் கான் ஃபோல்டர் உருவாகிவிடும். அழிக்கவும் அதே குறி வேண்டும்.