தலைக்காவேரிக்கு மூன்று பேர் கிளம்பிவிட்டோம்



இரண்டு நாளாக என் போன் ஓயவில்லை. "டீச்சர், நிஜமாவா?" என்று ஐம்பது பேராவது கேட்டிருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

ஆமாம், நிஜம்தான். ஒரு பழைய ஈகோ வண்டியில், அம்மணி, மிளகு என்ற என் இரண்டு பூனைகளோடு பூம்புகாரிலிருந்து தலைக்காவேரிக்குக் கிளம்பிவிட்டேன். ஓட்டுவது நானே. வேறு ஆள் இல்லை. இதை எழுதும்போது கும்பகோணத்தில், 1998-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தியின் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. அவள் பேத்தி ஜன்னல் வழியாக மிளகுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதலில், ஏன் தலைக்காவேரி?

34 வருஷம் உங்களுக்குப் புவியியல் நடத்தினேன். வருஷா வருஷம் கரும்பலகையில் காவிரியை வரைந்தேன். குடகில் ஒரு புள்ளி. அங்கிருந்து ஒரு கோடு. கிருஷ்ணராஜ சாகர், சிவசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, கடைசியில் பூம்புகார். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடும் ஆறு பலகையில் இரண்டு அடிக்குள் முடிந்துவிடும். நான் முதலில் வைத்த அந்தப் புள்ளியை நானே பார்த்ததில்லை.

மேட்டூரும் கல்லணையும் பார்த்திருக்கிறேன், உங்களோடு. அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? பஸ்ஸில் ஏறும்போது தலை எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், படிக்கட்டில் எண்ண வேண்டும். ஆற்றைப் பார்த்ததைவிட உங்கள் ரெட்டைச் சடைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

மாயவரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஐப்பசி மாதம் முழுக்க நம் துலாக்கட்டத்தில் முழுக்கு நடக்கும். அதே துலா சங்கிரமண நாளில் தலைக்காவேரியிலும் குளத்தில் காவிரி பொங்கி வருவதாகச் சொல்லி மக்கள் கூடுகிறார்கள். ஆற்றின் இரண்டு முனையிலும் ஒரே மாதத்தில் விழா. ஒரு முனையில் பிறந்து வளர்ந்தவள் நான். இன்னொரு முனையைப் பார்க்க 63 வயது வரை காத்திருந்தது போதும் என்று தோன்றியது.

இரண்டாவது கேள்வி, பூனைகளை ஏன் தூக்கிக்கொண்டு போகிறேன்?

பெங்களூரில் இருக்கும் என் மகன் நல்ல பிள்ளை. "அம்மா, சனி ஞாயிறுல நானே கார்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன்" என்றான். அக்கா, "ஏன்டி, அந்தப் பூனைங்கள யார்கிட்டயாவது விட்டுட்டுப் போயேன்" என்றாள். உங்களில் நான்கைந்து பேர், "டீச்சர், நாங்க பாத்துக்குறோம்" என்று ஆசையாகக் கேட்டீர்கள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் அம்மணியை விட்டுவிட்டுப் போக முடியாது.

அம்மணிக்கு 13 வயது. ஒரு மழை நாளில் அவர் காய்கறிப் பையில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மணி மட்டும் இன்னும் அவருடைய சாய்வு நாற்காலியில்தான் தூங்குவாள். போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது. வயதான பூனைகளுக்கு இது சகஜமாம். வாரத்துக்கு இரண்டு முறை தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். கால்நடை மருத்துவர் எனக்கே கற்றுக்கொடுத்தார். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியைச் செருகி, பத்து நிமிஷம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என் மடியில் இருப்பாள். வேறு யார் கையிலும் இருக்க மாட்டாள்.

ஆக, அவள் இருக்கும்வரை எங்கும் போகாமல் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம். முதலாவதைத்தான் இரண்டு வருஷமாகச் செய்தேன். அதில் ஒரு வேதனை உண்டு. நீ போனால்தான் எனக்கு வழி என்று ஒரு ஜீவனைப் பார்த்து மனசு நினைக்க ஆரம்பித்துவிடும். அந்த நினைப்பு என் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றுதான் வண்டி வாங்கினேன்.

மருத்துவரிடம் கேட்டேன். "வெயில் படாம, தண்ணி குறையாம பாத்துக்கிட்டா கூட்டிட்டுப் போகலாம்மா. சாப்பாட்ட நிறுத்துனா உடனே யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். பூனை ஒரு நாள் பட்டினி கிடந்தாலே கவலைப்பட வேண்டும், இரண்டு நாள் என்றால் கல்லீரலைப் பாதிக்கும். அதனால் எனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அம்மணி ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றால் எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவேன். தலைக்காவேரி எங்கும் ஓடிவிடாது.

இனி வண்டி.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏசி உள்ள பழைய ஈகோ, அவ்வளவுதான். உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை. வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பதால், வேண்டும்போது விரித்து வேண்டாதபோது மடிக்கும் பலகை ஒன்றை ஆசாரியிடம் செய்து வாங்கினேன். அதன்மேல் ஒரு இலவம்பஞ்சு மெத்தை. ஒரு சின்ன கேஸ் அடுப்பு (வண்டிக்கு வெளியேதான் பற்ற வைப்பேன்), இரண்டு தண்ணீர் கேன், ஜன்னல்களுக்குக் கொசுவலை. வலைக்கு உள்பக்கம் கம்பி வலையும் உண்டு, மிளகுக்கு நகம் கூர். இந்த வண்டியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முன்னால் சூடு ஏறும் என்பதால் பூனைக்கூடைகள் பின்பக்கம்.

பூனைகளைப் பழக்கத்தான் மூன்று மாதம் பிடித்தது. பூனை ஆளைவிட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி. தன் கன்னத்தைத் தேய்த்து வாசனை வைத்த இடம்தான் அதற்கு வீடு. முதல் பதினைந்து நாள் வண்டியைக் கொல்லையில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, உள்ளே துவைக்காத பழைய போர்வையைப் போட்டு, மீனையும் அங்கேயே வைத்தேன். பிறகு எஞ்சினை மட்டும் ஓடவிட்டேன், நகரவில்லை. பிறகு தெருமுனை வரை. பிறகு குத்தாலம் வரை. மிளகு முதல் நாள் கூடை அதிரக் கத்தினான். பத்தாம் நாள் தூங்கிவிட்டான். அம்மணியின் கூடையில் அவருடைய பழைய வேட்டித் துண்டு இருக்கிறது. அவள் முதல் நாளே கத்தவில்லை.

பூனை வளர்க்கும் பிள்ளைகளுக்காகச் சில விஷயங்கள். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி வராது. கூடையை மெல்லிய துணியால் மூடினால் பயம் குறையும். கூடை பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வண்டிக் கதவைத் திறக்கவே கூடாது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு, பூனை அப்படிச் செய்தால் ஆபத்து. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, என் மாத்திரை டப்பாவைத் தனியே பூட்டி வைத்திருக்கிறேன். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி இரண்டுக்கும் போட்டாயிற்று. கழுத்துப் பட்டையில் என் நம்பர் இருக்கிறது.

அக்கா கடைசியாக ஒரு பழமொழியை எடுத்துவிட்டாள். "பூனைய மடியில கட்டிக்கிட்டு சகுனம் பாத்த கதையா இருக்கு." நான் சொன்னேன், "அக்கா, நான் சகுனமே பாக்கலியே, பூனைய மட்டும்தானே மடியில வச்சிருக்கேன்." சிரித்துவிட்டாள். மறுநாள் புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் அனுப்பினாள்.

பூம்புகாருக்கு அதிகாலையில் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடலில் கலக்கிற காவிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வாய்க்கால் அளவுதான். புத்தகப்படி ஆறு கடலை நெருங்க நெருங்கப் பெருக வேண்டும். நம் காவிரி அப்படி இல்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும், 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த புது ஆறும் பிரிகின்றன. அதற்குப் பிறகு அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போகிறது. துணையாறு சேர்வது, கிளையாறு பிரிவது. இரண்டையும் மாற்றி எழுதி மார்க்கை விட்டவர்கள் இப்போது கை தூக்கலாம்!

அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. இந்த ஆறு வழியில் வற்றி மெலியவில்லை. வயல்களுக்குக் கொடுத்துக் கொடுத்து மெலிந்திருக்கிறது. "டீச்சர், இப்படித் தனியா ஆயிட்டீங்களே" என்று வருத்தப்பட்டவர்களுக்கு இதுதான் என் பதில். என் கிளையாறுகள் கும்பகோணத்தில் இருக்கின்றன, பெங்களூரில் இருக்கின்றன, துபாயில் இருக்கின்றன. நான் தனியாகப் போகிறேன், ஆனால் ஆளில்லாதவளாகப் போகவில்லை.

பூம்புகாரிலிருந்து திரும்பும்போது மாயவரம் வழியாகத்தானே வர வேண்டும். எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது மிளகு ஒரே ஒரு தடவை கத்தினான். தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கும் காலை பிரேக்கில் வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. அம்பது அடி தாண்டியதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. மொத்தப் பயணத்தில் இதுவரை கஷ்டமான இடம் அதுதான்.

இந்தக் கார் காற்றாய்ப் பறக்காது. காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் அம்மணிக்குத் தாங்காது. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போனால் அதிகம். முதலில் இதை ஒரு குறையாக நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இந்த வேகத்தில் போவதால்தான் சம்பா கதிர் வாங்கி நிற்பது தெரிகிறது, மதகில் பையன்கள் குதிப்பது தெரிகிறது. மகனோடு போயிருந்தால் இரண்டு நாளில் தலைக்காவேரி தெரிந்திருக்கும், காவிரி தெரிந்திருக்காது.

ஜனவரியில் கிளம்பியதற்கும் காரணம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடுவதற்குள், ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே டெல்டாவைக் கடந்துவிட வேண்டும். வெயிலும் குறைவு.

வழி இதுதான்: கும்பகோணம், திருவையாறு, கல்லணை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு, கரூர், ஈரோடு, பவானி, மேட்டூர். அங்கிருந்து மாதேஸ்வரன் மலை வழியாகக் கொள்ளேகால், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கப்பட்டணம், குசால்நகர், பாகமண்டலம், தலைக்காவேரி. மலைப்பாதையில் மட்டும் மகன் பைக்கில் பின்னால் வருவான். அவன் ஆசை அது, நான் மறுக்கவில்லை.

பயமில்லையா என்று கேட்டால், உண்டு. இரவில் ஓட்ட மாட்டேன். தெரிந்தவர்கள் வாசலில் அல்லது ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில்தான் நிறுத்துவேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது மகன் போனில் எந்நேரமும் தெரியும். 112, பெண்களுக்கான 181, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மூன்றையும் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். சாப்பாடு வேண்டாம், தங்க ரூம் வேண்டாம். பூட்டிய வண்டி வெயிலில் சில நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். அதனால் பூனைகளை உள்ளே விட்டுவிட்டு என்னால் எங்கும் இறங்கிப் போக முடியாது. ஸ்ரீரங்கத்தில், பவானியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருப்பவர்கள் யாராவது நிழலில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, ஒரு மணி நேரம் இந்த இரண்டு பேரோடும் உட்கார்ந்திருந்தால் போதும். நான் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்துவிடுவேன்.

கூப்பிடுவதாக இருந்தால் காலை 10-லிருந்து மாலை 4-க்குள் கூப்பிடுங்கள். ஓட்டும்போது எடுக்க மாட்டேன். அம்மணி இன்று காலை அரைக் கிண்ணம் மத்திக் குழம்பு மீன், உப்பு காரம் இல்லாமல், சாப்பிட்டாள். மிளகு மீதியைச் சாப்பிட்டான். நாளை காலை திருவையாறு.