உண்டியல் மாதிரி ஒரு கணக்கு

எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிக்கிறோம். பணப் பெட்டி என் பொறுப்பு. கணக்கு, மகளின் கம்ப்யூட்டரில் எக்ஸெல்லில் இருக்கிறது. ஒளிவுமறைவு இருக்கக் கூடாது பாருங்கள்! அதனால் அவரவர் தொகையை அவரவரே வந்து பதிந்துவிட்டுப் போவார்கள்.

போன மாதம் வந்தது வினை. கடைசியாகக் கட்டிய இருவரும், "என்னக்கா, நாங்க கட்டியும் மொத்தம் 2,600லேயே நிக்குதே?" என்றார்கள். பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டினேன். 3,000 சரியாக இருந்தது. ஆனால் எண்ணி முடிப்பதற்குள் உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மகள் பார்த்துவிட்டு, "யாரோ கை தவறி மொத்தக் கட்டத்திலேயே 2,600ன்னு அடிச்சுட்டாங்கம்மா. கூட்டல் ஃபார்முலா அழிஞ்சு போச்சு. அதைப் பூட்டி வெச்சிருக்கணும்" என்றாள்.

"பூட்டினா அவங்க எப்படிடீ எழுதுவாங்க?"

"உண்டியலைப் பூட்டினாலும் காசு போட வாய் இருக்கே, அது மாதிரிதான்!"

முதலில் ஃபார்முலாவைத் திரும்பப் போட்டோம். எக்ஸெல்லில் எல்லாக் கட்டங்களுக்கும் 'லாக்டு' என்ற குறி ஏற்கெனவே இருக்குமாம். தாளைப் பாதுகாத்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே மற்றவர்கள் எழுத வேண்டிய கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மேட் செல்ஸ்' என்பதில் 'ப்ரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போய், 'லாக்டு' குறியை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே 'ரிவ்யூ'வில் 'ப்ரொடெக்ட் ஷீட்'டை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். முதல் வேலையை மறந்தால் ஒரு கட்டத்திலும் எழுத முடியாது!

இன்னொன்று, சகோதரிகளே. இது கை தவறுதலைத் தடுக்கும் பூட்டுதான். திருடனைத் தடுக்கும் பூட்டு அல்ல. பாஸ்வேர்டைப் பத்திரமாக எழுதி வையுங்கள். மாதம் ஒரு பிரதி தனியாக எடுத்து வைப்பதும் நல்லது.

இந்த மாதம் அதே இருவரும் வந்து பதிந்தார்கள். மொத்தம் தானாக ஏறியது. வேண்டுமென்றே மொத்தக் கட்டத்தில் அடித்துப் பார்க்கச் சொன்னேன், கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. "அன்னிக்கு ஏதோ பேசிட்டோம், மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றாள் ஒருத்தி. காபி கலந்து கொடுத்தேன். பூட்டுப் போட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. இனி யார் மேலும் பழி விழாதல்லவா?