கதவு திறக்கிற நேரம் (பினாங்கு – 3)

ஆர்மீனியன் தெருவில், சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் எந்நேரமும் ஒரு வரிசை நிற்கிறது. எர்னெஸ்ட் ஸகரேவிச் 2012இல் வரைந்தது. சுவரில் பதித்திருக்கும் நிஜ சைக்கிளைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் ஜார்ஜ் டவுனை விட்டுக் கிளம்புவதில்லை போலிருக்கிறது. எடுத்துக்கொள்ளட்டும். அந்த வரிசையால் எனக்கும் லாபம் உண்டு. பக்கத்துக் கடைவீடுகளின் வாசல்கள் படமெடுக்க ஆளில்லாமல் கிடைக்கின்றன.

இங்கே வாசல் தெருவை ஒட்டி இருக்காது. அஞ்சடிக்கு உள்ளே தள்ளி இருக்கும். மாடி முன்னால் நீண்டிருக்க, அதன் கீழே வீட்டுக்கு வீடு தொடரும் நிழல்நடைதான் அஞ்சடி. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும் வீடுகளுக்கு முன்னால் இப்படித் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடையை விடச் சொன்னார். பிறகு மலாயா ஊர்களுக்கும் வழக்கம் பரவியது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. ஆனால் ஆளுக்கொரு உயரத்தில் தரை போட்டிருப்பதால், ஒரு வீட்டுக்கு ஏறி அடுத்த வீட்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நடுவில் மோட்டார் சைக்கிள்கள், மூட்டைகள், வாசலோரத்துச் சிவப்புச் சாமி மாடம். கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நடக்கிற இடமல்ல.

பழைய வாசல்களில் கதவு இரண்டு அடுக்கு. உள்ளே கனமான இரட்டைக் கதவு. அதற்கு வெளியே, மேலும் கீழும் இடைவெளி விட்டு, சித்திர வேலை செய்த மார்பளவுக் கதவுகள். பகலில் பெரியதைத் திறந்துபோட்டு, சிறியதை மட்டும் சாத்தி வைப்பார்கள். காற்று உள்ளே போகும். தெருவில் போகிறவர் பார்வை போகாது. நீளமான வீட்டின் நடுவே, நம் செட்டிநாட்டு வளவு போல, வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, வாசல் வழியாகப் புதுக்காற்று வரும். இரவில் எல்லாம் அடைத்த பிறகு யாராவது தட்டினால், மாடித் தரையிலுள்ள சிறு மூடியைத் தூக்கிப் பார்த்தால் போதும், நிற்பது யார் என்று தெரிந்துவிடும். அஞ்சடியில் நின்று அண்ணாந்தால் சில வீடுகளில் அந்தச் சதுரம் இன்னும் கண்ணில் படுகிறது.

வேளைக்கு ஒரு கோலம் என்பதால் ஒரே வாசலைக் காலையிலும் உச்சியிலும் இரவிலும் எடுக்கிறேன். உச்சிவெயில்தான் தொல்லை. தெரு வெளுத்துவிடும், அஞ்சடி கறுத்துவிடும். நான் கதவின் வெளிச்சத்துக்கே அளவு வைத்து, தெருவைக் கைவிட்டுவிடுகிறேன்.

பழைய கடைகளுக்குக் கதவே கிடையாது, பலகைகள்தான். ஒரு சந்தில் மளிகைக்கடைக்காரர் காலையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பலகையின் தலைமாட்டிலும் சீன எழுத்தில் எண். கைகொடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவர், “கடைய எடுக்காம பலகைய எடுக்கிறியே தம்பி?” என்றார். எண் எதற்கு என்று கேட்டேன். “மரமெல்லாம் வளைஞ்சு போச்சுல்ல. ஏழாம் நம்பர எட்டுல சொருகுனா உக்காராது.”

படிக்கட்டுகளில் எனக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. பெரும்பாலும் செங்குத்தான மரப்படி, இருட்டு, மேலே யாருடைய குடித்தனமோ. லீத் தெருவில் சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸே கட்டிய நீல மாளிகையில் 7 படிக்கட்டுகளும் 220 சன்னல்களும் உண்டு. அவுரி கலந்த சுண்ணாம்பு நீலம் கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என் மனசு சந்துக்கே திரும்புகிறது.

இத்தனை கதவுகள் தப்பிப் பிழைத்ததற்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணம். வாடகை ஏறாத வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டவும் இல்லை, செப்பனிடவும் இல்லை. 2000 பிறந்தபோது கட்டுப்பாடு நீங்கியது. பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பெற்றது. விடுதிகளும் காபிக் கடைகளும் பெருகின. கதவுகளுக்கு வார்னிஷ் யோகம். ஆனால் ஏசி ஓடும் வீட்டில் மார்பளவுக் கதவுக்கு என்ன வேலை? பின்னாலேயே கண்ணாடி வைத்து அடைத்துவிடுகிறார்கள். எடுத்த படங்களில் கதவைவிட என் உருவம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒரு விடுதியில் கேட்டேன். “கொசு சார்” என்றார் வரவேற்பறைப் பெண். மறுக்க முடியவில்லை, அந்தி நேரத்து அஞ்சடியில் முக்காலியை விரித்து நிற்கிறவன் நான்.

(தொடரும்)