குளிசையும் காந்தமும்

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் புறமான ஸ்காபரோவில், மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையிலே, கோடிட்ட தாள் ஒன்று பல நாட்களாக விரித்தபடியே கிடந்தது. தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டின் இடப்புறம் ‘மின்’ என்றும், வலப்புறம் ‘காந்தம்’ என்றும் எழுதப்பட்டிருந்தன. ஓரத்திலே, பிறர் கண்ணிற் படக்கூடாதென எண்ணியவர் போல மிகச் சிறிய எழுத்தில், ‘ஒன்றும் வேண்டாம்’ என்ற சொற்களும் இருந்தன. அத்தாளுக்குரியவர் ஐம்பத்திரண்டு வயதினர். யாழ்ப்பாணத்திற் பிறந்து, பேராதனையிற் பயின்று, பின்னர் புலம்பெயர்ந்து, கிழமை நாட்களில் ஒரு நிறுவனத்திற் கணக்கெழுதுபவராகவும், சனிக்கிழமைகளிற் சிறுவர்க்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவராகவும் வாழ்பவர். கம்பனிலும் நாலடியாரிலும் அவருக்கு மனப்பாடமான செய்யுள்கள் பல நூறு. அவரை மனச்சோர்வு நோய் முதன்முறை பற்றியது 2018 இல். தாள் மேசைக்கு வந்தது 2024 இன் மாரிகாலத்தில்.

மனச்சோர்வு என்பது இந்நோய்க்குப் பொருத்தமான பெயர்தானா என்பது ஐயத்திற்குரியது. சோர்வு உறங்கியெழத் தீர்வது. இதுவோ விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, விடியும்வரை நெஞ்சின்மேல் அமர்ந்திருப்பது. உண்ணுதல், உடுத்தல், ஒருவர் அழைத்தால் மறுமொழி கூறுதல் ஆகிய எளிய செயல்கள்கூட மலையேறுவன போலாகின்றன. ‘மனத்தைத் தைரியப்படுத்து’ என்று அறிவுரை கூறுவோர், தைரியப்படவேண்டிய கருவியே பழுதுபட்டிருப்பதை உணர்வதில்லை.

முதன்முறை நோயுற்றபோது குடும்ப வைத்தியர் சேர்ட்ரலீன் என்னும் குளிசையை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் உறக்கம் திரும்பியது. இரண்டாம் மாதத்தில் வேலைக்குச் சென்றார். குளிசை பயன் தரவில்லை என்று அவர் என்றும் கூறியதில்லை. ஆனால் உறக்கம் வந்த அதே நாட்களில் வேறொன்று விடைபெற்றது. இல்லற உறவுக்குரிய உடலுணர்ச்சி, தோலின்மேல் தடித்த துணி போர்த்தாற் போல மரத்துப்போயிற்று. பின்னர் அம்மரப்பு உடலோடு நில்லாது உள்ளத்துக்கும் பரவியது. மகளின் பட்டமளிப்பு விழாவிலே மகிழவேண்டும் என்பது தெரிந்தது, மகிழ்ச்சி வரவில்லை. தாயார் ஊரில் இறந்த செய்தி வந்தபோது அழவேண்டும் என்பது தெரிந்தது, கண்ணீர் வரவில்லை. வைத்தியரிடம் கூறியபோது, அது மருந்தின் பக்கவிளைவு என்றும், மருந்தை நிறுத்தத் தானே நீங்கிவிடும் என்றும் சொல்லப்பட்டது.

2021 இல் அவர் மருந்தை நிறுத்தினார். நான்கு வாரங்களிற் படிப்படியாகக் குறைக்குமாறு கூறப்பட்டிருந்தது. பல மாதங்கள் எடுத்து, இறுதியில் மிகச் சிறு அளவுகளாகக் குறைத்தல் வேண்டும் என்னும் கருத்தை ஹொறோவிட்ஸ், ரெயிலர் என்னும் இரு ஆய்வாளர் 2019 இலேயே எழுதியிருந்தனர்; அது எல்லாச் சிகிச்சை நிலையங்களையும் அப்போது எட்டியிருக்கவில்லை. தலைசுற்றலும், தலைக்குள் மின்பொறி தெறித்தாற் போன்ற உணர்வும் சில வாரங்கள் வருத்திப் பின் ஓய்ந்தன. மருந்தை நிறுத்தியதன் பயனாக இத்தகைய தொல்லைகளுக்கு ஆளாவோர் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர் என 2024 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று மதிப்பிட்டது. அத்தொல்லைகள் அவரை விட்டு நீங்கின. மரப்பு நீங்கவில்லை. மூன்று ஆண்டுகள் சென்றும் நீங்கவில்லை.

இவ்வாறு மருந்து போனபின்னும் அதன் விளைவு நிற்பது பற்றிய நோயாளர் வரலாறுகள் 2006 அளவில் மருத்துவ ஏடுகளில் வெளிவரத் தொடங்கின. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019 இல், செரோற்றோனின் மீள உறிஞ்சப்படுதலைத் தடுக்கும் மருந்துகளின் விபரத்தாள்களில், நிறுத்தியபின்னும் பாலுணர்ச்சிக் குறைபாடு தொடரக்கூடும் என்னும் எச்சரிக்கையைச் சேர்க்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. கனடாவின் சுகாதாரத் திணைக்களமும் 2021 இல் அரிதாக அவ்வாறு நேரலாம் என ஏற்றுக்கொண்டது. அரிது என்பது எவ்வளவு அரிது என்று எவரும் எண்ணிச் சொல்லவில்லை. நாணத்தால் வாய்திறவாதோர் தொகை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நிறுவப்பட்ட சிகிச்சை எதுவும் இதற்கு இல்லை. இவற்றை அவர் அறிந்தபோது துயரத்தைக் காட்டிலும் ஓர் ஆறுதலே முன்வந்தது. தாம் கற்பனை செய்யவில்லை என்னும் ஆறுதல் அது.

2023 இன் இறுதியில் நோய் மீண்டது, முன்னையினும் கடுமையாக. வேறு இரு குளிசைகள் முயலப்பட்டுப் பயனின்றி நிறுத்தப்பட்டன. இம்முறை அவரைப் பொறுப்பேற்ற உளமருத்துவர், மின்னதிர்ச்சிச் சிகிச்சை, காந்தத் தூண்டற் சிகிச்சை ஆகிய இரண்டையும் அவர் முன் வைத்தார். அதன் பின்னரே கோடிட்ட தாள் மேசைக்கு வந்தது.

தாளில் முதலில் எழுந்த இடர்ப்பாடு வேறானது. உணர்ச்சி மரப்பதும் ஆசை அறுவதும் மனச்சோர்வுக்கே உரிய குறிகளுமாம். ஆகவே அவருக்குள்ள மரப்பு நோயினுடையதா, மருந்தினுடையதா? நோயினுடையதாயின், நோய் தீர அதுவும் தீரும் என எதிர்பார்க்கலாம். மருந்தின் மிச்சமாயின், மின்னோ காந்தமோ அதைத் தீர்க்கும் என்று எவராலும் வாக்களிக்க இயலாது. வைத்தியர் முதற்கூற்றின் பக்கம் சாய்ந்தார். நோயாளியோ, நோய் முற்றிலும் தணிந்திருந்த 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் மரப்பு இருந்ததே என்று வினவினார். இவ்வினாவுக்கு வைத்தியர் உடனே விடை கூறாமல், ‘அது நியாயமான கேள்வி’ என்று குறித்துக்கொண்டார். அச்சிறு குறிப்பே அவ்வைத்தியர்மீது அவருக்கு நம்பிக்கை வரக் காரணமாயிற்று என்று கூறுதல் மிகையாகாது.

மின்னதிர்ச்சிச் சிகிச்சை என்றதும் எவர் உள்ளத்திலும் அச்சம் எழுவது இயல்பு. அதன் பிறப்பும் அவ்வச்சத்தைத் தணிப்பதாயில்லை. உரோமாபுரியிலே 1938 ஏப்ரல் மாதத்தில் செர்லெத்தி, பினி என்னும் இருவர் அதை முதன்முதலிற் செய்தது, புகையிரத நிலையத்தில் அலைந்து திரிந்தபோது பொலிசாராற் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதருக்கு. அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. மயக்கமருந்தும் இன்றியே அது செய்யப்பட்டது. இன்று நிலை வேறு. நோயாளி மயக்கத்தில் இருக்க, தசைகள் தளர்த்தப்பட்டு, மூளையில் மாத்திரம் வலிப்பு உண்டாக்கப்படுகின்றது. வாரத்திற்கு இரண்டு மூன்று முறையாக ஆறு முதல் பன்னிரண்டு முறை செய்வது வழக்கம். உயிராபத்து இலட்சம் சிகிச்சைகளுக்கு இரண்டளவே. கடும் மனச்சோர்வில் இதன் ஆற்றல் போலிச் சிகிச்சையினும் மருந்துகளினும் மேம்பட்டதென 2003 இல் லான்செற் ஏட்டில் வந்த ஆய்வுத்தொகுப்பு காட்டியது.

அதே 2003 இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வந்த மற்றொரு தொகுப்பு, சிகிச்சை பெற்றோரிடமே கேட்டறிந்தவற்றைத் திரட்டியது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினராயினும் நிலையான நினைவிழப்பைக் கூறியிருந்தனர். புதியவற்றைக் கற்கும் ஆற்றல் சில வாரங்களில் மீள்கின்றது என்பது பொதுவான முடிபு. மீளாதுபோவது பெரும்பாலும் சிகிச்சைக்கு அண்மையான மாதங்களின் சொந்த வாழ்க்கை நினைவுகள். அமெரிக்க அரசியல்வாதியொருவரின் மனைவியான கிற்றி டுக்காக்கிஸ் அம்மையார் 2001 முதல் இச்சிகிச்சை பெற்று, 2006 இல் அதுபற்றி நூலும் எழுதினார். நினைவுகள் சில தம்மை விட்டுப் போனதை மறையாமல் எழுதிய அவரே, அது தம் வாழ்வை மீட்டுத் தந்ததென்றும் எழுதினார். கொடுத்தது என்ன, பெற்றது என்ன என்று இரண்டையும் சேர்த்துக் கூறியமையாலேயே அவர் சான்று மதிப்புடையதாகின்றது.

செய்யுள்களை மனத்தில் வைத்து வாழும் ஒருவருக்கு இது சிறிய விலையன்று. இடப்புறப் பத்தியில் அவர் எழுதிய முதல் வரி ‘கம்பன் போய்விடுவானோ?’ என்பது. நெடுங்காலத்துக்கு முன் கற்றவை போவது அரிது என வைத்தியர் விளக்கியபின் அதை வெட்டினார். ஆனால் இரண்டாம் வரி வெட்டப்படவில்லை. மின்னதிர்ச்சியால் நலம் பெற்றோர், தொடர்ந்து மருந்து எடாதவிடத்து, நூற்றுக்கு எண்பத்துநான்கு பேர் ஆறு மாதத்திற்குள் மீண்டும் நோயுற்றனர் என்று சக்கைம் என்பாரின் 2001 ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அதாவது மின்னைத் தேர்ந்தால் அதன் பின்னால் குளிசை காத்திருக்கின்றது.

காந்தத்தின் கதை அடக்கமானது. 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பாக்கரும் கூட்டாளிகளும், தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் மின்னை விட்டு விட்டுப் பாய்ச்சி, எழும் காந்தப்புலத்தால் மண்டையோட்டைத் திறவாமலே மூளையைத் தூண்டினர். அமெரிக்க அதிகாரிகள் மனச்சோர்வுக்கு இதனை அனுமதித்தது 2008 இல். மயக்கமருந்து இல்லை, நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார். நெற்றியின் இடப்புறத்தில் மரங்கொத்தி கொத்துவது போலிருக்கும்; தலைவலி பொதுவாக வரும்; வலிப்பு மிக அரிதாக வரலாம். முப்பத்தேழரை நிமிடம் எடுத்த இச்சிகிச்சையை மூன்று நிமிடமாகச் சுருக்கினும் பயன் குறையவில்லை என்பதை 414 நோயாளரிடம் செய்து காட்டி 2018 இல் வெளியிட்டோர் ரொறன்ரோவையும் வன்கூவரையும் சேர்ந்த ஆய்வாளரே. அதிலே மூன்று நிமிடச் சிகிச்சை பெற்றோருள் பாதியளவினர் தேறினர். நோய் முற்றும் தணிந்தோர் நூற்றுக்கு 32 பேர். போலிச் சிகிச்சையோடு ஒப்பிடாத ஆய்வாதலால் இவ்வெண்களை அப்படியே விழுங்குதல் தகாது. ஸ்ரான்போர்டிலே ஒரு நாளைக்குப் பத்து முறையாக ஐந்தே நாளில் முடித்து, பெரும்பாலோர் தேறினர் எனக் கூறிய ஆய்வு வியப்புக்குரியதாயினும், அதிற் பங்குபற்றியோர் 29 பேரே.

ஒரு காலத்தில் இந்நகரே இன்னொரு வியப்புக்கும் இடமாயிருந்தது. மூளைக்குள் மின்வாயைப் புதைத்து ஆறு பேருள் நால்வரைத் தேற்றியதாக மேபேக் அம்மையாரும் லொசானோவும் 2005 இல் இங்கிருந்தே அறிவித்தனர். பின்னர் 90 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அம்முடிவு 2017 இல் வெளியாயிற்று. சிறு ஆய்வின் ஒளியில் மயங்காதிருக்க இவ்வரலாறு அவருக்குத் துணைநின்றது.

வலப்புறத்தில் அவர் தடித்த எழுத்தில் எழுதியது, 2008 அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் நோயாளர் குளிசை எடாதிருந்தே சிகிச்சை பெற்றனர் என்பதாகும். நிறுவையின் தட்டு சாய்ந்தது அவ்விடத்தில் எனலாம். ஒருமுறை ‘தானே நீங்கிவிடும்’ என்ற சொல்லை நம்பியவர், வன்மை குறைந்ததாயினும் தாம் அஞ்சுவதைக் கேளாத சிகிச்சையை நாடியது வியப்பன்று. இது பிழையான தேர்வென வாதிடுவோரும் உளர்; உணவை மறுத்து உயிருக்கு ஊசலாடும் நோயாளியாயின் அவர்கள் கூறுவதே சரி. அவர் நிலை அதுவன்று.

ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த தங்கை, “அண்ணை, தலைக்குள்ளை கரண்டு விடப்போகினமோ?” என்று அழுதாள். காந்தம் என்றதும் ஆறுதலடைந்தாள். மனைவி அவ்வளவு எளிதில் ஆறுதலடையவில்லை. தாளை நெடுநேரம் வாசித்தபின், “இஞ்சருங்கோ, இதிலை நான் எங்கையும் இல்லையே” என்றார். மரப்பினால் இழந்தவர் ஒருவரல்லர், இருவர் என்பதை அத்தாள் எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை. அன்றிரவு அவர்கள் மூன்று ஆண்டுகளாகப் பேசாததைப் பேசினார்கள். மரப்பு மாறாவிடினும் நித்திரையும் பேச்சும் திரும்பினாற் போதும் என்று மனைவி கூறினார். அது முழு உண்மையன்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

2025 தை மாதத்திலிருந்து ஆறு வாரம், கிழமைக்கு ஐந்து நாள், பனியிற் பஸ் ஏறிச் சென்று முப்பது முறை அந்நாற்காலியில் அமர்ந்தார். முதற் பதினைந்து நாளும் தலைவலியன்றி வேறு பலன் இல்லை. நான்காம் வாரத்தில் ஒரு விடியற்காலை விழித்துப் பார்த்தபோது மணி ஆறு. ஐந்தாம் வாரத்திற் சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பினார். நாலடியார்ப் பாடல் ஒன்றை ஏடு பாராமற் கூறி, இடையில் ஒரு சீர் மறந்து, ஒரு மாணவி அதை எடுத்துக் கொடுத்தாள். அது மருந்தாலுமன்று, காந்தத்தாலுமன்று, வயதால் என்று வீட்டில் வந்து கூறினார்.

மரப்பு அப்படியே இருக்கின்றது. மின்னதிர்ச்சிக்கான சம்மதப் படிவம் கையெழுத்திடப்படாமல் மேசை இலாச்சியில் உள்ளது. கோடிட்ட தாளும் அதனோடேயே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் ஓரத்திலிருந்த சிறிய எழுத்தை மாத்திரம் மனைவி மையினால் அழித்திருக்கின்றார்.