படபடப்போடு உட்கார்ந்திருத்தல்

"சார், நெஞ்சு படக்குபடக்குனு அடிக்குது. ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குது." மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை பார்ப்பவரும் இதைத்தான் சொல்கிறார், மதுரை செல்லூர்த் தறிக்காரரும் இதைத்தான் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் மனைவி உடனே மறுப்பார்: "குடிக்கிறதாலதான் சார் இவருக்கு இந்த நடுக்கமெல்லாம்." இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பயம் முதலில் வந்ததா, குடி முதலில் வந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் ஆலோசகராக என் வேலை தொடங்குகிறது. உளவியல் படிக்க வரும் மாணவர்களுக்கும் நான் முதலில் பழக்குவது இதைத்தான்.

மது மூளையை அமைதிப்படுத்தும். தினமும் வெளியிலிருந்து அந்த அமைதி வந்துகொண்டிருந்தால், மூளை அதற்கு ஈடாகத் தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்ளும். விடியற்காலையில் போதை இறங்கிய பிறகும் அந்தப் பரபரப்பு இறங்காது. கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் பயம் வரும். இது குடி பெற்றெடுத்த பயம். இன்னொருவர் கதை வேறு. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதே அவருக்குக் கால் நடுங்கியது. சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்த பிராந்திதான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் அவரைப் பேச வைத்தது. அவருடைய குடியை மட்டும் நிறுத்தினால் அந்தப் பழைய பயம் அப்படியே காத்திருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏறக்குறைய நான்கு வாரம் குடியில்லாத காலம் வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். இங்கே அந்தக் காலம் பலருடைய வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. "மாலை போட்டு மூணாவது வாரம், நாலாவது வாரம் படபடப்பு எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்பேன். "அதெல்லாம் போயே போச்சு சார்" என்றால் ஒரு வழி. "அப்பவும் இருந்துச்சு, சாமி பேரைச் சொல்லிச் சமாளிச்சேன்" என்றால் வேறு வழி. எந்த வினாத்தாளும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலையிலிருந்தே குடிப்பவர், மாலை போடும் நாளில் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். இவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த நாட்களில் வேலை செய்ய வேண்டியவை மருந்தும் தயமின் ஊசியும்தான், என் பேச்சு அல்ல.

உடம்பு தேறிய பிறகுதான் நான் மிகவும் நேசிக்கும் வேலை வருகிறது. ஸ்டீவன் ரைஸ், ரிச்சர்ட் மெக்னலி என்ற உளவியலாளர்கள் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிலர் வெளியில் இருக்கும் எதையும்விடத் தங்கள் உடம்பின் படபடப்பைக் கண்டே அதிகம் பயப்படுகிறார்கள். நெஞ்சு வேகமாக அடித்தாலே மாரடைப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தப் பயம் புகைப்பழக்கத்தோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதை ஹூஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஸ்வொலென்ஸ்கி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார். என் எதிரே உட்காருபவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரிய வேண்டியதில்லை. இதயத்தில் கோளாறில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றைக் கையில் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வேன். அல்லது நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வேன். நெஞ்சு அடிக்கத் தொடங்கும்.

"இப்ப என்ன ஆகும்னு தோணுது?"

"செத்துருவேன்னு தோணுது சார்."

பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று தாளில் எழுதுவோம். இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதுவோம். எண் தானாக இறங்கும். கட்டிங் இல்லாமல், மாத்திரை இல்லாமல், நான் எதுவும் செய்யாமல் அது இறங்கியதை அவர் தன் கையெழுத்திலேயே பார்க்கிறார். ஒரு தடவை போதாது; படிக்கட்டில், வெயிலில், பேருந்து நெரிசலில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதனால்தான் படபடப்பை அமர்த்தும் மூச்சுப் பயிற்சியை நான் முதலில் சொல்லிக்கொடுப்பதில்லை. சக ஆலோசகர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. படபடப்பு வந்ததும் உடனே அதை அமர்த்தியாக வேண்டும் என்பதைத்தான் குடி அவருக்குப் பழக்கியிருக்கிறது. நானும் அதே அவசரத்துக்கு வேறொரு மருந்தைக் கொடுத்தால் அதுவும் ஒரு கட்டிங்தான்.

குடும்பத்தை அறைக்குள் அழைப்பதில் எனக்கு வழிகாட்டி சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை வளரக் காரணமான அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும் என்று வலியுறுத்தினார். பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனார். மதுரையிலும் 1992இல் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணியை ஊர்ப்புறங்களுக்கு எடுத்துச் சென்றது. ஆனாலும் தேவை பெரிது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் அறிக்கை சொல்கிறது. வருகிறவர்களிலும் பலர் வயிற்றெரிச்சல் என்றோ தூக்கமில்லை என்றோதான் வருகிறார்கள். பயம் என்று சொல்லிக்கொண்டு வர ஆண்களுக்குக் கூச்சம்.

மனைவிக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். கணவர் வீடு திரும்பும் நேரம் நெருங்கினால் மனைவிக்கும் நெஞ்சு அடிக்கும். வாயை முகர்ந்து பார்ப்பதும் சட்டைப் பையைத் துழாவுவதும் அந்தப் படபடப்பை அமர்த்தத்தான். அவருக்கும் அதே தாள், அதே எண்கள்.

மறுபடி குடித்துவிட்டு வந்து தலை குனிந்து உட்காருபவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்று நான் தொடங்குவதில்லை. "அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி உடம்பு என்ன செஞ்சுச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, கடன்காரர் போன் வந்ததையோ மச்சான் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் தன்னையே பார்த்ததுபோல் இருந்ததையோ சொல்வார். அங்கிருந்து அடுத்த வாரப் பயிற்சியை எழுதிக்கொள்வோம். பங்குனி பிறந்துவிட்டால் சித்திரைத் திருவிழாவுக்கான திட்டமும் அதில் சேரும்: யாரோடு ஆற்றுக்குப் போவது, கூட்டத்தில் மூச்சு முட்டினால் எங்கே நிற்பது, கூட்டாளி கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது.