வாப்பாவின் பாக்கெட் நோட்டு



வாப்பா வஃபாத்தான அன்று, ஜனாஸா தொழுகைக்கு முன் அண்ணன் எழுந்து, "வாப்பாவிடமிருந்து யாருக்கேனும் பாக்கி வரவேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று அறிவித்தார். யாரும் வரவில்லை. ஆனால், அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இருந்த சிறு நோட்டு மூன்று பெயர்களைச் சொன்னது. தேதி, பெயர், தொகை, காரணம் என ஒரு கடனுக்கு ஒரு வரி. கொடுத்து முடித்ததும் அதன்மேல் ஒரு கோடு. கோடு விழாத வரிகள் மூன்று. அம்மூவரில் ஒருவர் தமக்கு வரவேண்டியதையே மறந்திருந்தார். அந்த வாரமே மூன்றையும் அடைத்தோம்.

அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன்: நான் இன்று மௌத்தானால், என் கடன்களை மனைவி எங்கே தேடுவாள்? கைப்பேசியில் மூன்று குறிப்புச் செயலிகள். நான்காவது ஒன்று நிறுத்தப்பட்டபோது, அதிலிருந்தவையும் அதனோடு போயின. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை அறிந்தவன்தான் நான். அறிந்தும் அலட்சியமாக இருந்தேன்.

கணினியே என் தொழில். ஆகவே, வாப்பாவின் முறையையே டெர்மினலில் அமைத்துக்கொண்டேன். 'குறிப்பு' என்ற பெயரில் ஒரே ஓர் எளிய உரைக்கோப்பு. 'எக்கோ' என்று தொடங்கி, மேற்கோள் குறிகளுக்குள் வரியை எழுதி, '>>' இட்டுக் கோப்பின் பெயரைத் தந்தால், அவ்வரி கோப்பின் கடைசியில் சென்று சேரும். வரியின் தொடக்கத்தில் தேதியை 2023-03-07 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால், 'சார்ட்' கட்டளை அனைத்தையும் கால வரிசையில் அடுக்கிவிடும். தேடுவதற்கு 'கிரெப்'. யுனிக்ஸுக்காகக் கென் தாம்சன் எழுதிய இக்கட்டளை 1973 முதல் புழக்கத்தில் உள்ளது. 'கிரெப் கடன்' என்று கோப்பின் பெயரோடு தந்தால், அச்சொல் உள்ள வரிகள் மட்டும் திரையில் வரும். இணையம் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

ஒருநாள் அவசரத்தில் '>>' இடவேண்டிய இடத்தில் '>' மட்டும் இட்டுவிட்டேன். இரட்டைக் குறி சேர்க்கும். ஒற்றைக் குறியோ பழையதை அழித்துவிட்டு எழுதும். எட்டு மாதக் குறிப்புகள் போய், ஒரு வரி எஞ்சியது. நகலும் எடுத்து வைத்திருக்கவில்லை. குற்றம் என்னுடையதே.

நினைவிலிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்றேன். ஒரு நண்பர், "இரண்டாயிரம்தானே?" என்றார். மூவாயிரமோ என்று எனக்கு ஐயம். மூவாயிரமே கொடுத்து, கூடுதலாயின் ஹதியாவாக இருக்கட்டும் என்றேன். ஆயினும், நினைவுக்கு வராத பெயர் ஏதேனும் உண்டோ என்ற அச்சம் இன்றும் நீங்கவில்லை.

இப்போது பாஷ் ஷெல்லில் 'நோக்ளாபர்' என்ற காப்பை இயக்கியிருக்கிறேன். ஒற்றைக் குறியால் பழைய கோப்பை அழிக்க அது விடாது. வெள்ளிதோறும் ஜுமுஆவுக்குப் புறப்படுமுன், கடன் வரிகளைக் கிரெப்பால் எடுத்துச் சிறு நோட்டொன்றில் கையால் எழுதுகிறேன். அந்த நோட்டு அலமாரியில் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரியும்.

நீங்கள் எம்முறையைக் கைக்கொண்டாலும், உங்கள் வீட்டார் எடுத்து வாசிக்கக்கூடிய ஓரிடத்தில் உங்கள் கடன்களை இன்றே எழுதிவையுங்கள். கடன் சுமையின்றித் தன்னிடம் மீளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.