அரைமணி என்று சொன்னேன்

தில்லியின் சாணக்யபுரி என்றவுடன் பலருக்குத் தூதரகங்கள் நினைவுக்கு வரும். நம்மவருக்குக் கௌடில்ய மார்க்கின் தமிழ்நாடு இல்லமும் இட்டலியும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவதோ ஒரு கணக்குப் பிழை.

அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியர் அளவுகளில் மிகுந்த கண்டிப்புடையவர். அர்த்தசாஸ்திரத்தில் எடைகளுக்கும் அளவைகளுக்கும் என்றே ஓர் அத்தியாயம் உண்டு. எடைக்கல் நனைந்தால் பெருகக் கூடாது, சுட்டால் குறையக் கூடாது என்கிறார். ஆனால் அதே அத்தியாயத்தில், துரோணம் என்ற ஒரே பெயருக்கு நான்கு அளவுகள் சொல்லப்படுகின்றன. அரசனின் வருவாய்க்கு 200 பலம், வாணிகத்துக்கு 187½, கூலி கொடுக்க 175, அந்தப்புரத்துக்கு 162½. வாங்கும் துரோணம் பெரிது, கொடுக்கும் துரோணம் சிறிது! பெயர் ஒன்றாயிருந்து அளவு வேறாயிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் 1999-இல் சாணக்யபுரியிலேயே கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் மாணவன். கோடை விடுமுறையில் அங்கே ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிப் பிரிவில் வேலை பழகினேன். பிரிவுக்குத் தலைவர் பாளையங்கோட்டைக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். ஒரு பழைய இயந்திரத்தில் இருந்த நான்கு கிகாபைட் கோப்புகளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அந்த இயந்திரத்தை எடுத்துச் செல்ல ஆள் வருவதாக ஏற்பாடு. சென்னைக்குக் குத்தகைத் தொலைபேசித் தடம் ஒன்று இருந்தது. "இரண்டு மெகா" என்று எல்லோரும் அதைச் சொல்வோம்.

"எவ்வளவு நேரம் பிடிக்கும், தம்பி?" என்று காலையில் கேட்டார் அண்ணாச்சி.

நாலாயிரத்தை இரண்டால் வகுத்தேன். இரண்டாயிரம் நொடி. "அரைமணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அண்ணாச்சி" என்றேன்.

"அப்படியென்றால் பகலில் மற்றவர்கள் தடத்தை உபயோகிக்கட்டும். ஆறு மணிக்கு ஆரம்பிப்போம்" என்றார். அன்றிரவு அவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்பட வேண்டும். தங்கை மகளுக்குத் திருமணம், இவர் தாய்மாமன். நாற்காலிக்குப் பக்கத்திலேயே பெட்டி இருந்தது. அதில் மணப்பெண்ணுக்குச் சீர்ப் பட்டு.

ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஆறரை தாண்டியும் திரையில் நூற்றுக்குப் பதினொன்றுதான் முடிந்திருந்தது. தடம் பழுதோ என்று நான் பதறினேன். அண்ணாச்சி ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

தொலைபேசிக்காரர் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிட்டுகளில் எழுதுகிறார். ஆக ஒரு குரலுக்கு 64,000 பிட். அத்தகைய 32 பகுதிகள் சேர்ந்ததுதான் எங்கள் தடம்: நொடிக்கு 20,48,000 பிட். ஒரு பகுதி ஒழுங்குக்குப் போக, மிச்சம் 31. அதாவது 19,84,000 பிட். சேமிப்புக்காரரோ பைட்டில் எண்ணுகிறார். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே எங்கள் "இரண்டு மெகா" உண்மையில் நொடிக்கு 2,48,000 பைட்தான்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. தொலைபேசிக்காரருக்குக் கிலோ என்றால் 1,000. சேமிப்பில் அது 1,024 என்று வழங்கி வந்தது. அப்படிப் பார்த்தால் நான்கு கிகாபைட் என்பது 429,49,67,296 பைட். நானூறு கோடி அன்று. வகுத்துப் பார்த்தால் நான்கு மணி நாற்பத்தொன்பது நிமிடம். வழியில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி எழுதும் செலவையும் சேர்த்தால் ஐந்து மணிக்குக் குறையாது.

அண்ணாச்சி கோபிக்கவில்லை. "1957-இல் நயா பைசா வந்தபோது நான் சின்னப் பையன்" என்றார். "ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு பைசாவும் அதே ரூபாய்தான். ஆனால் ஓர் அணாவை மாற்றினால் ஆறு பைசாதான் கொடுப்பார்கள். நான் பதினாறு அணாவையும் ஒவ்வொன்றாக மாற்றித் தொண்ணூற்றாறு பைசாவோடு வீட்டுக்குப் போனேன். நாலு பைசாவுக்காக அப்பாவிடம் அடி வாங்கினேன்."

"என்னால் உங்கள் வண்டி போய்விடுமே, அண்ணாச்சி!" என்றேன்.

இயந்திரத்தின் பொறுப்பு அவர் பெயரில் இருந்தது, சாவியும் அவரிடம். அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். கோப்புகள் போய்ச் சேர்ந்து சரிபார்த்தபோது மணி பதினொன்றரை. அதற்குள் வண்டி புதுதில்லியை விட்டுப் போயிருந்தது. மறுநாள் வண்டியில் அவர் போனார். ஊர் சேர்ந்தபோது விடிகாலை முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்ததாம். தாய்மாமன் மாலையை வேறொருவர் போட்டிருந்தார். தங்கை என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது எனக்கென்று திருநெல்வேலி அல்வா கொண்டுவந்தார். அது எனக்கு எளிதில் தொண்டையில் இறங்கவில்லை.

1,024-க்குத் தனிப் பெயர் வேண்டுமென்று அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி, கிபி என ஒலிக்கும் பெயர்களை 1998-இலேயே வகுத்துவிட்டது. எனினும் பேச்சில் பழைய பெயர்களே நிலைத்துவிட்டன. நண்பர்களே, உங்கள் விடுதி இணைப்பு நூறு மெகாபிட் என்றால், கோப்பு நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதை அறியாததால் உங்களுக்குப் பெரிய நட்டம் வராமல் இருக்கலாம். ஆனால், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒருவர் கேட்கும்போது, அவர் எந்த வண்டிக்குப் போக வேண்டியவர் என்று நமக்குத் தெரியாது. எண்ணைச் சொல்லுமுன் அது எதன் எண் என்று எழுதிப் பாருங்கள். நான் இன்றும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.